42 வருஷ அருவாமனை, கட்டை உளுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதுநகர்ப்பொண்ணு | ஞாயிறு, இரவு 9:40

இதைச் சமையல் பகுதியில் போடுவதா பழுதுபார்ப்புப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. அட்மின் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு அருவாமனையின் கட்டை போய்விட்டது. இரும்பு கல்லு மாதிரி இருக்கிறது, கட்டைதான் பிரச்சினை. ஒரு ஓரம் உளுத்து மாவு மாவாகக் கொட்டுகிறது, இரும்பு இறங்கும் இடத்தில் விரிசல் வேறு, மீன் தலையை வைத்து அழுத்தினால் மொத்தமும் ஆடுகிறது. போன மாசம் கடையில் இரண்டு குழாய்ப் பசை வாங்கிக் கலந்து விரிசலில் அப்பினேன், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் ஒரு கடையில் பிளைவுட்டில் புதுக் கட்டை போட்டுக் கொடுத்தார்கள். மீன் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. பழைய கட்டையையே திரும்பப் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் ஓ.டி. (முதுநகர்), இப்போது இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டை. இதை எங்கள் ஆயா மஞ்சக்குப்பத்தில் ஒரு பட்டறையில் சொல்லி அடித்து வாங்கினார். எனக்கு அப்போது 5 வயது, கூடப் போயிருந்தேன், துருத்திச் சத்தமும் கரி வாசனையும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆயா இரண்டு தடவை "இன்னும் கொஞ்சம் வளைச்சுக் குடு, மீன் தலை நழுவும்" என்று சொல்லித் திருப்பி அடிக்கவைத்தார். பத்து வயதில் என்னை அதன் முன்னால் உட்காரவைத்து, வலது காலை மடக்கிக் கட்டையை மிதிச்சுக்கோ, கத்தி நகரக்கூடாது, மீன்தான் நகரணும் என்று ஒரு கிழங்கா மீனைக் கையில் கொடுத்தார். இன்றுவரை எனக்குத் தெரிந்த சமையல் எல்லாம் அந்த ஒரு வரிக்கு அப்புறம் வந்ததுதான்.

அன்றைக்கு நான்கு விரல் அகலம் இருந்த இரும்பு இப்போது இரண்டரை விரல். மிச்சம் ஒன்றரை விரலை நாமதான் மீனோடயும் வாழைக்காயோடயும் சேர்த்துத் தின்னுட்டோம் என்பான் என் தம்பி.

வீட்டுக்காரர் அதைக் கழுவி எண்ணெய் தடவி ஷோகேஸில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எவர்சில்வரில் ஒன்று வாங்கிக்கொள் என்கிறார். எனக்கு அதை வேடிக்கை பார்க்க வேண்டாம், அதில் மீன் அரிய வேண்டும். நல்ல கட்டைக்கு எங்கே போவது, யார் போட்டுக் கொடுப்பார்கள்?


கெடிலக்கரையான் | ஞாயிறு, இரவு 10:05

அக்கா, கட்டையைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஒரு படம் போடுங்கள். மடக்கு அருவாமனையா, நிலையா? மடக்கு என்றால் அச்சாணியை மாற்றினாலே பாதி ஆட்டம் நிற்கும்.


முதுநகர்ப்பொண்ணு | ஞாயிறு, இரவு 10:12

நிலைதான் தம்பி. இரும்பின் வால் கட்டையைத் துளைத்துக்கொண்டு போய் அடியில் மடங்கியிருக்கிறது. உச்சியில் தேங்காய்த் துருவிப் பூ. படம் காலையில் போடுகிறேன், இப்போது எடுத்தால் எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை.


வெள்ளைக்கத்தி | திங்கள், காலை 7:30

கசப்பாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 250 ரூபாய்க்கு நல்ல கத்தி, ஒரு பலகை, வேலை முடிந்தது. என் அக்கா மகன் தவழும் வயதில் நிறுத்திவைத்த அருவாமனை மேல் விழுந்து புருவத்தில் நான்கு தையல். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதில் என்ன பெருமை? ஷோகேஸ் யோசனைதான் சரி என்பது என் கட்சி.


உப்பளம்72 | திங்கள், காலை 8:50

தம்பி, அந்த 250 ரூபாய்க் கத்தியில் மூன்று கிலோ சங்கரா வெட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். பெரிய மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் பேசிக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்குச் செதிலைச் சீவி, செவுளை எடுத்து, துண்டு போட்டுவிடும். காரணம் ஒன்றுதான். கத்தியில் ஒரு கை கத்திக்கே போய்விடுகிறது, வழுக்குகிற மீனுக்கு மிஞ்சுவது ஒரு கை. அருவாமனையில் இரண்டு கையும் மீனுக்கு.

எனக்கு 68 வயது, முட்டி வலி எனக்கும் உண்டு. ஆறு அங்குல முக்காலி ஒன்று போட்டு உட்கார்ந்து காலை நீட்டி மிதித்துக்கொள்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. குழந்தை விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் வேலை முடிந்த நிமிஷமே கழுவி, கதவுக்குப் பின்னால் கூர்ப்பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, படுக்கப்போட்டுத்தான் வைப்போம். நிறுத்திவைத்துவிட்டு எழுந்து போனால் எங்கள் அம்மா கை நீட்டியே விடுவார். தாண்டிப் போனால் அதற்கு ஒரு திட்டு தனி.


தேவனாம்பட்டினத்தான் | திங்கள், காலை 9:15

சுனாமி வந்த அன்று, 2004 டிசம்பர் 26, எங்கள் வீட்டில் என்னென்ன போச்சு என்று மாமா கணக்கெடுத்தபோது அம்மா முதலில் டிவியைச் சொல்லவில்லை, அருவாமனையைச் சொன்னார். அப்புறம் நிவாரணமாகக் குடம் வந்தது, தட்டு வந்தது, பாய் வந்தது, போர்வை நாலு வந்தது. அருவாமனை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை, யாருக்குத் தோன்றும்? எங்கள் தெருவில் மணலுக்குள்ளிருந்து ஒன்று கிடைத்தது. யாருடையது என்றே தெரியாது. ரொம்ப நாள் அதைத்தான் நாலைந்து வீட்டில் மாற்றி மாற்றி வாங்கிப் புழங்கினோம்.

இழைக்குச் சம்பந்தமில்லை, ஞாபகம் வந்தது, எழுதிவிட்டேன்.


பட்டறைவீட்டுப்பிள்ளை | திங்கள், மதியம் 1:20

அப்பாவோடு எங்கள் பட்டறை மூடியாயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து துருத்தி இழுத்தவன் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கா, உங்களுடையது 42 வருஷம் உழைத்திருக்கிறது என்றால் அது அநேகமாக லாரி பட்டையில் அடித்ததாக இருக்கும். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து இருக்குமே, அந்தப் பட்டை. எங்கள் பட்டறையில் அருவா, கொடுவாள், அருவாமனை எல்லாம் அதில்தான். அந்த இரும்பில் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல் கரி கலந்திருக்கும். அந்தக் கரி இருந்தால்தான் தோய்ச்சல் ஏறும். சாதாரண ஜன்னல் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எத்தனை தடவை தண்ணீரில் முக்கினாலும் அது ஜன்னல் கம்பிதான்.

தோய்ச்சல்தான் இதில் வித்தை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கூர்ப்பக்கம் மட்டும் முக்கி எடுப்பார் அப்பா. முதுகுப்பக்கம் தண்ணீர் படாது. கூர் கெட்டியாகும், முதுகு கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும், அதனால் கீழே விழுந்தாலும் உடையாது. முக்கிய உடனே கூர் கண்ணாடி மாதிரி, தட்டினால் தெறித்துவிடும். அதனால் திரும்பவும் தணலில் காட்டி வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். 220, 230 டிகிரி சூடு இருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டு 300 டிகிரிக்குப் போனால் நீலம் பாயும், கூர் இளகிவிடும். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. சாயங்காலம் வெளிச்சம் மங்கினதும்தான் அப்பா தோய்ச்சல் போடுவார், வெயிலில் நெருப்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது என்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாணை பிடிக்கக் கொடுக்கும்போது கரண்டு மெஷினில் பொறி பறக்க அழுத்திப் பிடிக்கிறார்கள். கூரில் நீலக்கோடு விழுந்தால் முடிந்தது, அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. பக்கத்திலேயே நின்று, நொடிக்கு ஒரு தடவை தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இல்லையென்றால் வீட்டிலேயே பீங்கான் கப்பைக் கவிழ்த்து அடி விளிம்பில், பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்குமே, அங்கே மெதுவாகத் தீட்டிக்கொள்ளலாம்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் கடையில் தொங்குகிற மலிவு அருவாமனையில் பாதிக்கு மேல் வெறும் தகட்டை வெட்டி விளிம்பைத் தீட்டியதுதான். வெங்காயத்துக்குப் போதும். சுறா முதுகெலும்பில் வைத்து அழுத்தினால் மடங்கும்.

கட்டையைக் கழற்றும்போது வாலின் மேல் ஏதாவது முத்திரை இருக்கிறதா பாருங்கள். பட்டறைக்கு ஒன்று போடுவார்கள். எங்களுடையது பிறை.


நெய்வேலி_ஷிப்ட் | திங்கள், மாலை 5:45

எளிய வழி: கட்டைக்கு அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு, வாலில் இரண்டு துளை, போல்ட் நட். ஆயுசுக்கும் ஆடாது. வொர்க்‌ஷாப்பில் அரை மணி நேர வேலை.


பட்டறைவீட்டுப்பிள்ளை | திங்கள், மாலை 6:10

அண்ணா, கரண்டு மோட்டாருக்கு என்றால் சரி. இது மீன் தண்ணீரும் உப்பும் தினமும் இறங்குகிற இடம். போல்ட் தலைக்கு அடியில் தண்ணீர் நின்று இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். மூங்கில் ஆப்புதான் இதற்கு. நன்றாகக் காய்ந்த மூங்கிலை இறுக்கி அடித்தால் ஈரம் பட்டதும் உப்பி இன்னும் இறுகிக்கொள்ளும். தகட்டுக்கு இந்தக் குணம் வராது.


நெய்வேலி_ஷிப்ட் | திங்கள், மாலை 6:14

மீன் தண்ணீரை மறந்துவிட்டேன். வாபஸ்.


கொல்கத்தாவில்_ஒரு_கடலூரான் | திங்கள், இரவு 9:00

இங்கே வங்காளிகள் வீட்டிலும் இதே சாமான் உண்டு, பொன்ட்டி என்பார்கள். மீனுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கும் வீடும் உண்டு. பக்கத்து வீட்டு அம்மா ரோகு மீன் தலையைப் பிளக்கும்போது எனக்கு ஓ.டி. ஞாபகம் வந்துவிடும். மொழி புரியாது, உட்கார்ந்திருக்கும் வாகு அப்படியே எங்கள் பெரியம்மா.


முதுநகர்ப்பொண்ணு | செவ்வாய், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. வெள்ளைக்கத்தி தம்பிக்கும்தான், எனக்குக் கோபம் இல்லை.

இன்று தம்பியை வரவழைத்து இரும்பைக் கழற்றினோம். கட்டையைப் பிளந்தால் உளு ஒரு பக்கத்தை மட்டும் சல்லடையாக்கி இருக்கிறது, மறுபக்கத்தைத் தொடவே இல்லை. இதற்கு என்ன காரணம்?

இன்னொன்று. கட்டைக்குள் புதைந்திருந்த பகுதி தேயவே இல்லை! மேலே இரண்டரை விரல், கட்டைக்குள் இருந்த கால் அங்குலம் மட்டும் அன்றைக்கு அடித்த அதே நான்கு விரல் அகலத்தில், கருகருவென்று, சுத்தி விழுந்த தழும்பு வரிசையாகத் தெரிகிறது. விரலை வைத்துத் தடவினால் ஒவ்வொரு அடியும் ஒரு சின்னக் குழி. 42 வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. வாலில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறது, முக்கோணமாக. பட்டறைவீட்டுத் தம்பி, உங்களுக்குத் தெரிந்த முத்திரையா?


பட்டறைவீட்டுப்பிள்ளை | செவ்வாய், இரவு 8:52

இல்லை அக்கா, யாருடையது என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்ல அப்பாவும் இல்லை. ஆனால் தழும்பு வரிசையாக இருக்கிறது என்கிறீர்களே, அடித்தவர் கை நிதானமான கை.


முந்திரிக்காடு | செவ்வாய், இரவு 10:40

நான் காடாம்புலியூர்ப் பக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், கட்டை என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை.

உளு ஒரு பக்கம் மட்டும் தின்றது என்றால் அந்தப் பக்கம் வெளிறு, மறுபக்கம் வைரம். மரத்தின் வெளிவட்டத்தில் இருக்கும் வெள்ளைப்பகுதியில்தான் உளுவுக்குத் தீனி. வைரம் பாய்ந்த கட்டையில் அது வாய் வைக்காது. கட்டை வாங்கும்போது மரம் என்ன மரம் என்று கேட்டால் மட்டும் போதாது, வெளிறு இருக்கிறதா என்று வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கறிக்கடையில் போடுகிற புளியங்கட்டை நல்ல கெட்டி, ஆனால் கனம், தினமும் தூக்கி வைக்க உங்களால் ஆகாது. வேம்பு பரவாயில்லை. என்னைக் கேட்டால் பலாதான். மஞ்சளாக இருந்து நாளாக நாளாகத் தேன் நிறத்துக்குப் போகும், கரையான் சீக்கிரம் அண்டாது, இந்தக் கனத்துக்கு இவ்வளவு உறுதி வேறு மரத்தில் குறைவு. வீணைக்கும் தவிலுக்கும் சும்மாவா அதை எடுக்கிறார்கள்?

எங்கள் வீட்டில் ஒரு துண்டு இருக்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல். விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறினது, காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த பலா மூன்று, முந்திரி கணக்கில்லை. பொழுது விடிந்து கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரிகிறது, அதுவரை எங்கள் திண்ணையிலிருந்து எதிர்வீடு தெரிந்ததே இல்லை. மூன்று பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டது. முந்திரியை விறகுக்குப் போட்டோம், அடிமாட்டு விலை, ஊர் முழுக்க விறகாகக் கிடந்தால் யார் வாங்குவார்கள். பலாவை மட்டும் அப்பா விற்க மாட்டேன் என்று அறுத்து வைத்தார். ஒரு கட்டில், இரண்டு நிலை, பூசை மாடம் போக மிச்சம் நாலைந்து பலகை அன்றிலிருந்து பரணில் கிடக்கிறது. இனிமேல் அது சுருங்காது, முறுக்காது. இரண்டு அங்குலக் கனம் இருக்கும்.

அளவு சொல்லுங்கள் அக்கா, அறுத்து வைக்கிறேன். காசு பேச்சை எடுக்காதீர்கள். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.


முதுநகர்ப்பொண்ணு | புதன், காலை 6:15

ராத்திரியே படித்துவிட்டேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் தூங்கிவிட்டேன். நீளம் 15 அங்குலம், அகலம் 5. ஞாயிற்றுக்கிழமை வரலாமா தம்பி? முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.


பட்டறைவீட்டுப்பிள்ளை | புதன், காலை 10:00

ஆசாரியிடம் கொடுக்கும்போது கவனம். சில பேர் வாலைக் காய்ச்சி அப்படியே கட்டையில் இறக்குவார்கள், துளையும் வாலும் அச்சாகப் பொருந்திக்கொள்ளும், நல்ல முறைதான். ஆனால் சூடு மேலே ஏறிவிட்டால் அந்த ஊர் பேர் தெரியாத மனுஷர் போட்ட தோய்ச்சல் காலி. கூர்ப்பக்கம் முழுக்க ஈரச்சாக்கைச் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.


முதுநகர்ப்பொண்ணு | 11 நாள் கழித்து, ஞாயிறு, மதியம் 3:30

முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூர் போனோம். வீட்டுக்காரரும் வந்தார், "ஒரு கட்டைக்கு இவ்வளவு தூரமா" என்று பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தவர், முந்திரிக்காடு தம்பி வீட்டில் முந்திரிக் குழம்பு சாப்பிட்டதும் அடங்கிவிட்டார். அங்கே பலாப்பழம் வெட்டுவதற்கு அவர்கள் அருவாமனையில் எண்ணெய் தடவியதைப் பார்த்து, நம்ம வீட்டிலும் இப்படித்தானே என்று என்னைக் கேட்டார். 20 வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலியார்பேட்டையில் வயசான ஆசாரி ஒருவர் கிடைத்தார். ஈரச்சாக்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேரனை அனுப்பிச் சாக்கை நனைத்துக்கொண்டு வரச் சொன்னார். வாலை இறக்கும்போது பலா கருகிப் புகை வந்தது, கெட்ட வாசனை இல்லை, பழம் வேகிற மாதிரி லேசாக இனிப்பு. அப்புறம் மூங்கில் ஆப்பு, இரண்டு பக்கமும். பழைய கட்டையில் கால் வைத்து வைத்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, புதுசிலும் அந்த இடத்தில் லேசாக இழைத்து விடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

இன்று காலை அரை கிலோ கிழங்கா வாங்கினேன். ஆடவே இல்லை. ஆனால் கட்டை முன்னைவிட அரை அங்குலம் உயரம், கை பழகவில்லை, முதல் மீனில் தலையோடு சதையும் நிறையப் போய்விட்டது. பூனைக்கு யோகம். நாலாவது மீனில் சரியாகிவிட்டது.


வெள்ளைக்கத்தி | ஞாயிறு, மதியம் 3:55

நல்லது. என் கருத்து மாறவில்லை. ஆனால் வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வந்தால், தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பச்சை ஓஸ் குழாயில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி, கூரில் செருகி வையுங்கள். அந்த நாலு தையலுக்கு அப்புறம் எங்கள் அக்கா அப்படித்தான் வைத்திருக்கிறார்.


உப்பளம்72 | ஞாயிறு, மாலை 4:20

பார்த்தீர்களா, அக்கா வீட்டிலும் இன்னும் அருவாமனைதான்.

முந்திரிக்காடு தம்பி, அந்தப் பரணில் இன்னும் பலகை மிச்சம் இருக்கிறதா?


முந்திரிக்காடு | ஞாயிறு, மாலை 4:31

மூன்று இருக்கிறது அம்மா. அளவு சொல்லுங்கள்.